எண்ணிக்கை

லாபம், ரெண்டு, மூணு என்று
என் கடை வாசலில் பட்டாணி அளக்கிறார்
மன்னவனூர் சின்னக்காளை.
ஒன்று என்பது அவர் வாயில் வராது.

எங்களுக்கும் அப்படித்தான்.
ஜெபத்துக்கு ஆள் கூடினால்
தலையைத் தொட்டு எண்ணக்கூடாது.
ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல என்று
இல்லாததைப்போல எண்ண வேண்டும்.

அன்று ஒன்பதல்ல வரைக்கும் வந்து
நின்றுவிட்டது.

வட்டக்கானல். செவ்வாய்க்கிழமை. மணி ஐந்தேகால்.
கேரட் மூட்டைகளை ஓரம் தள்ளிய பின்னறையில்
முதுகுப்பையோடு ஊர் சுற்றும் பையன்கள் எட்டுப் பேர்,
பல்வலிக்கு வைத்தியம் பார்க்க இறங்கி
மூன்று வாரமாய்க் கிளம்பாத
பம்பாய்க்காரர் எலியாஸ் நாகாவ்கர்.
சுவரோரம் யோதாம்.
எங்கள் மாதக் கணக்கில் போன வருடம் இதே நாள்
அவன் தம்பி போனது.

போனவருக்காகச் சொல்லும் வரிகள் சில உண்டு.
சாவு என்ற சொல்லே அவற்றில் இல்லை.
பத்துப் பேர் சேராமல் சொல்ல முடியாது,
பொழுது விழுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

என்னை எண்ணமாட்டார்கள்.
பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.
இதற்காக அப்பாவோடு
ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன்.
இன்றும் சம்மதமில்லை.
ஆனால் ஐந்தேகாலுக்குச் சண்டை பிடித்தால்
சூரியன் நின்று கேட்காது.
செருப்பைக் கழற்றி பூட்ஸை மாட்டினேன்.

டால்பின் நோஸ் போகிற பாதையில் வேர்கள் ஈரம்.
வளைவில் குறுக்கே ஒரு காட்டுமாடு,
மூக்கிலிருந்து புகை.
அதற்கு அவசரம் இல்லை.
மஞ்சுக்குள் சூரியன் எங்கே இருக்கிறதென்று
எனக்கும் தெரியவில்லை, அதற்கும்.
நின்றேன்.

நெவாத்திமில் குடியேறிய தங்கை
வருடத்துக்கு ஒருமுறை போனில் கேட்பாள்:
அந்த மலையில் ஒற்றையாய்
நீ எதற்கு, சிம்ஹா?
முட்டை விற்க, என்பேன்.
மாடு நகரும்வரை
வேறு பதில் இருக்கிறதா என்று பார்த்தேன்.
அது நகர்ந்துவிட்டது.

கடைசிக் குடிலில் நீர் இருந்தான்.
நீர் அவன் பெயர்,
அவன் மொழியில் உழுத நிலம்.
நம் மொழியில் என்ன என்று சொன்னபோது
மே மாதத்தில் ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுப்பில் நூடுல்ஸ் கொதித்தது.
எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே அக்கா, என்றான்.
நம்பிக்கை வேண்டாம், எண்ணிக்கை போதும், என்றேன்.
ஆங்கிலத்தில் சொன்னதால்
அதன் ஓசை அவனுக்குக் கிடைக்கவில்லை.
யோதாமின் தம்பி, என்றேன்.
கரண்டியைக் கையில் பிடித்தபடி
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.
பிறகு அடுப்பை அணைத்தான்.

திரும்பும் வழியில் அவன்தான் முன்னால்.
கடையை எட்டும்போது
மூச்சு வாங்கியது எனக்கு.

கதவு திறந்தே இருந்தது. நான் படியில்.
யோதாம் பாதி வரியில் தடுமாறினான்;
நாகாவ்கர் வீங்கிய தாடையோடு
அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார்.
ஆமென் என்றார்கள்.
நானும் சொன்னேன், சற்று உரக்கவே.
விவரம் தெரியாமல் சின்னக்காளையும்
மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு
துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

எண்ணுவது என்றால் தமிழில்
நினைப்பதும்தான்.
அவர்கள் எண்ணாததை
நான் எண்ணிக்கொண்டிருந்தேன் இரவெல்லாம்.

மறுநாள் கடை திறக்குமுன் நீர் வந்து நின்றான்.
இன்றைக்கும் ஆள் குறைகிறதா?
இன்றைக்கு முட்டைதான் குறைகிறது, என்று
முப்பது குழியுள்ள காலி அட்டை இரண்டை
அவன் கையில் கொடுத்து
பஸ்ஸுக்கு அனுப்பினேன்.